ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

தூரிகை:
ஓவியம், எழுத்து, இசை என்று படைப்புத் தொழிலில் இருப்பவர் அதிலிருந்தே பிழைக்க எதிர்பார்ப்பது நியாயமா? வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வில் வரைவதே கலைக்கு நல்லது என்கிறார்கள் பலர். நூல் அட்டையும் உள்ளோவியங்களும் வரைபவர் முழுநேரமாக இறங்கும் முன் எதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும்?

கணக்கன்:
தாராளமாக எதிர்பார்க்கலாம். ஆனால் முதலில் நேரத்தை எண்ணுங்கள். வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் காசாகும் நேரம் 20 மணியைத் தாண்டுவது அரிது. விலை பேசுவது, மாதிரி அனுப்புவது, பாக்கி கேட்டு அலைவது, வரிக்கணக்கு எழுதுவது எல்லாம் மீதியைத் தின்றுவிடும். விடுப்பு, காய்ச்சல் போக ஆண்டுக்கு 46 வாரம் என்று வைத்தால் 920 மணி. வீட்டுச் செலவு, கணினி, மென்பொருள், வண்ணம், வரி, சேமிப்பு எல்லாவற்றையும் ஆண்டுக்குக் கூட்டி 920ஆல் வகுங்கள். மணிக்கு அதற்குக் கீழே இறங்காதீர்கள். 40ஐ 52ஆல் பெருக்கி, வரும் 2,080ஆல் வகுப்பவர்கள்தான் அதிகம். கேட்கும் விலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கை நிறைய வேலை இருந்தும் மாதக் கடைசியில் திண்டாடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அட்டை ஒன்றுக்கு முன்வரைவு 5 மணி, வண்ணம் 12, திருத்தம் 3 என்றால் 20 மணிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

மைப்புட்டி:
மணிக்கூலியை மட்டும் நம்பினால் கை ஓயும் நாளில் வருமானமும் நிற்கும். அதனால் உரிமையைக் கையில் வைத்திருங்கள். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கைப்படி பதிப்புரிமை படைப்பாளியின் ஆயுளுக்கும், பொதுவாக அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளுக்கும் உண்டு. 'எல்லா உரிமைகளும் நிரந்தரமாக' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அத்தனையும் போய்விடும். அதை அடித்துவிட்டு 'இந்த நூலின் அச்சு, மின்னூல் பதிப்புகளுக்கு மட்டும், 5 ஆண்டுகள்' என்று எழுதச் சொல்லுங்கள். சுவரொட்டி, நாட்காட்டி, வேற்றுமொழிப் பதிப்பு எல்லாவற்றுக்கும் தனிக்கட்டணம்.

உரிமத்தொகை (விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று வரும் ராயல்டி) எதன்மீது கணக்கிடப்படுகிறது என்று கட்டாயம் பாருங்கள். நூல் விலை 200, உங்கள் பங்கு 5 சதவீதம் என்றால் பிரதிக்கு 10. அதே 5 சதவீதம் பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகையின்மீது என்றால், கடைக் கழிவு 50 சதவீதம் போகும் இடத்தில் 5தான். முன்பணம் 20,000 வாங்கியிருந்தால் அது உரிமத்தொகையில் கழிய வேண்டும்; முதல் கணக்கில் 2,000 பிரதியும் அடுத்ததில் 4,000 பிரதியும் விற்ற பிறகே மேற்கொண்டு காசு வரும்.

பகல்வேலை:
எல்லாக் கலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அட்டை ஓவியத்துக்கு வாங்குபவர் உண்டு, கவிதைக்கு அநேகமாக இல்லை. அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் 1955இல் கவிதைக்கான புலிட்சர் பரிசு பெற்றபோதும் காப்பீட்டு நிறுவனமொன்றின் துணைத்தலைவர்தான். சந்தை இல்லாத கலைக்குப் பொதுப்பணம் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அயர்லாந்து 2022இல் சுமார் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில், ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேராமல் சம்பள வேலையை விடாதீர்கள். மொத்த வருமானத்தில் பாதிக்குமேல் ஒரே ஆளிடமிருந்து வந்தாலும் ஆபத்து. அவர் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

தூரிகை:
நன்றி. திருத்தம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால்?

கணக்கன்:
கட்டணத்தில் இரண்டு சுற்றுதான் அடங்கும், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பாதிப் பணம் தொடங்கும்போது, கால்பங்கு முன்வரைவுக்கு ஒப்புதல் வந்ததும், மீதி முடிவில். அதுவரை குறைந்த தெளிவுள்ள படத்தை மட்டும் அனுப்புங்கள். அச்சுக்குரிய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கோப்பு கடைசித் தவணை வந்த பிறகு. முன்வரைவுக்குப் பின் வேலையைக் கைவிட்டால் அதுவரை வாங்கியது திரும்பாது என்பதையும் அதே தாளில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.