விடிஎஸ்எல் இணைப்பில் பிங் உயர்ந்துவிட்டது: இன்டர்லீவிங்கை நீக்கச் சொல்லலாமா?

இரவாட்டக்காரன்:
தொலைபேசிக் கம்பிவழி வரும் விடிஎஸ்எல் இணையம். வேகம் குறையவில்லை. பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) மட்டும் 9 மில்லிநொடியிலிருந்து 25க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்தாலும் அப்படியே. மோடத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில், இறக்கத் திசையில் இன்டர்லீவ் ஆழம் முன்பு 1, இப்போது சில நூறு. நான் எதையும் மாற்றவில்லை. விளையாட்டில் நான் சுடுவதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். இதை நீக்கும்படி நிறுவனத்திடம் கேட்கலாமா?

செம்புக்கம்பி:
பிழைகள் கூடியதால் நிறுவனத்தின் தானியங்கி முறையே இதை மாற்றியிருக்கும். டிஎஸ்எல்லில் தரவு ரீட்-சாலமன் குறியீட்டுத் தொகுதிகளாகப் போகிறது. ஒரு தொகுதி அதிகபட்சம் 255 பைட். அதில் 16 சரிபார்ப்பு பைட் இருந்தால் கெட்டுப்போன 8 பைட் வரை மீட்கலாம். ஆனால் மின்சாதனம் எழுப்பும் இரைச்சல் அடுத்தடுத்த பைட்டுகளைக் கொத்தாகக் கெடுக்கும்; 8 போதாது. அதனால் பல தொகுதிகளின் பைட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்து அனுப்புகிறார்கள். இதுதான் இன்டர்லீவிங்; எவ்வளவு பரவலாகக் கலைப்பது என்பதே அதன் ஆழம். அடி விழுந்தாலும் தொகுதிக்கு ஒன்றிரண்டுதான் கெடும். கலைத்ததை மறுமுனையில் அடுக்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் கூடுதல் 16 மில்லிநொடி அதுதான். பதிவேற்றும்போது மட்டும் பிங் ஏறினால் அது வரிசை நெரிசல், வேறு கதை.

மோடம் காட்டும் எஃப்இசி, சிஆர்சி என்ற பிழை எண்கள் எப்படி இருக்கின்றன?

இரவாட்டக்காரன்:
எஃப்இசி லட்சக்கணக்கில், சிஆர்சி மிகச் சில. மாலையில்தான் வேகமாக ஏறுகின்றன.

அலைவரிசை:
எஃப்இசி என்பது சரிசெய்யப்பட்ட பிழை. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். சிஆர்சிதான் மீட்க முடியாமல் போனது. இன்டர்லீவிங்கை இப்போதே எடுத்தால் அந்த லட்சங்களில் பெரும்பகுதி சிஆர்சியாக மாறும். பதிவிறக்கம் போன்றவற்றுக்கான டிசிபி நெறிமுறை தொலைந்ததை மீண்டும் கேட்டு வாங்கும், கூடவே நெரிசல் என்று எண்ணி வேகத்தையும் குறைக்கும். விளையாட்டுகள் பெரும்பாலும் மறுபடி கேட்காத யுடிபி நெறிமுறை; அங்கே போனது போனதுதான், ஆட்கள் இடம் விட்டு இடம் தாவுவார்கள். சீரான 16 மில்லிநொடி அதைவிட எவ்வளவோ மேல் என்பேன்.

கேட்பதானால் ஜி.ஐஎன்பி கேளுங்கள். 2010இல் வந்த ஜி.998.4 தரம் அது: கெட்ட பகுதியை மட்டும் மோடம் மறுபடி கேட்டுப் பெறும், அமைதியான நேரத்தில் தாமதம் ஏறக்குறைய இல்லை. இரு முனைகளும் அதை ஏற்க வேண்டும்.

செம்புக்கம்பி:
முதலில் இரைச்சலைத் தேடுங்கள். பேட்டரி வானொலியை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மாலையில் வீட்டைச் சுற்றி வாருங்கள். நீட்டிப்புக் கம்பிகளைக் கழற்றி, மோடத்தை முதன்மை இணைப்புப் புள்ளியிலேயே பொருத்திப் பாருங்கள்.

இரவாட்டக்காரன்:
ஒரு எல்இடி விளக்கின் அடாப்டர் அருகே வானொலி கதறியது. கழற்றியதும் எஃப்இசி ஏறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆழம் மட்டும் அப்படியே இருக்கிறது. மோடத்தை அணைத்துப் போடட்டுமா?

அலைவரிசை:
வேண்டாம். அடிக்கடி அணைத்தால் இணைப்பு நிலையற்றது என்று அந்தத் தானியங்கி முறை கணக்கெழுதிவிடக்கூடும். சில நாள் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால், சிஆர்சி எண்களைக் காட்டி நிறுவனத்திடம் கேளுங்கள்.