யாரும் தொடாத பழைய பிழைகளை எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். யாங்கோனில் அப்பாவின் அச்சகத்தில் தமிழ், பர்மிய அழைப்பிதழ்களை நான்தான் தட்டச்சு செய்கிறேன். பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. அதனால் நாங்கள் வைத்திருக்கும் திறமூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) எடிட்டர் கண்ட இடத்தில் வரியை மடிக்கிறது. போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'மிங்கலா' என்ற சொல்லில் 'மிங்க' ஒரு வரியிலும் 'லா' அடுத்த வரியிலுமாக வந்துவிட்டது. தேடினால், யாரோ இதை அந்த மென்பொருளின் பிழைப் பட்டியலில் முன்பே பதிந்திருக்கிறார்கள். கீழே ஒரு பதில்கூட இல்லை. மனசு கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரியும். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பிழைகளைக் காட்டும் தளம் உண்டா?

பதில் 1:
கோட்ட்ரியாஜ் (CodeTriage) தளத்தைப் பாருங்கள் தம்பி. திறமூல நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்கால் நுழைந்து திட்டங்களைத் தேர்ந்தெடுத்தால், தீர்க்கப்படாத பிழைகளை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும்.

பதில் 2:
கிட்ஹப்பிலேயே, யாருக்கும் ஒதுக்காதவற்றை மட்டும் வடிகட்டி, பழையது மேலே வரும்படி அடுக்கலாம். அப்புறம், உங்கள் பிழை புதிய பதிப்பிலும் வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். கோப்பு ஜாவ்ஜியா (பர்மிய எழுத்துக்கான பழைய குறியாக்கம்) யூனிகோடா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். மியான்மர் அரசு யூனிகோடுக்கு மாறியதே 2019 அக்டோபரில்தான், பழைய கோப்புகளில் இந்தக் குழப்பம் நிறைய.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சோதித்தேன், யூனிகோடு கோப்புதான், புதிய பதிப்பிலும் அப்படியே உடைகிறது. கரண்ட் வந்ததும் படத்தோடு அந்தப் பழைய பதிவின் கீழேயே எழுதுகிறேன்.