பொன்னம்மாபேட்டை பங்காளிகள்

கார்த்தி: நாளைக்கு கூழ் ஊத்துறதுக்கு மைக் செட் அண்ணன் வரமாட்டாராம். ஆடியில எல்லாத் தெருவுலயும் அவரைத்தான் கூப்பிடுறாங்க

கார்த்தி: என் கார்லயே அம்மன் பாட்டு போட்டுரலாம். ஆனா அஞ்சு நிமிஷம் பாடுது, அப்புறம் ஆம்ப்ளிஃபையர்ல செவப்பு லைட் வந்து கம்முனு ஆயிடுது

சுமதி அத்தை: கேழ்வரகு யார் அரைச்சீங்க

ரவி மாமா: புது சப்வூஃபர் போட்டியாடா

கார்த்தி: ஆமா மாமா, இப்ப பேஸ் ஸ்பீக்கர் ரெண்டு

முருகேசன் சித்தப்பா: கனெக்ஷன் எப்படி குடுத்த

கார்த்தி: எல்லா பிளஸ்ஸும் ஒண்ணா, எல்லா மைனஸும் ஒண்ணா. ஆம்ப்ல ரெண்டு சேனலையும் ஒண்ணா சேர்த்து பிரிட்ஜ். ஓம் குறைஞ்சா சத்தம் கூடும்னு கடையில சொன்னாங்க

சுமதி அத்தை: ஓம் சக்தி பராசக்தி 🙏🙏

தீபா: 😂

முருகேசன் சித்தப்பா: கடைக்காரர் சொன்னது பொய் இல்ல, ஆனா பாதிதான். ஓம்னா கரண்டைத் தடுக்கிற அளவு. உன் ஸ்பீக்கர் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு காயில் இருக்கு, காயிலுக்கு 4 ஓம். நாலு காயிலையும் பேரலல்ல போட்டா 1 ஓம். ஏற்காட்டுக்கு அடிவாரம் ரோடு இருக்கு, குப்பனூர் ரோடு இருக்கு. ரெண்டும் திறந்திருந்தா வண்டி கூடுதலா ஏறும்ல? நீ நாலு ரோட்டைத் திறந்து விட்டிருக்க. அந்தக் கரண்ட் அவ்வளவும் ஆம்ப்தான் குடுக்கணும். தாங்க முடியாம அதுவா நின்னுக்குது, அதான் செவப்பு லைட்

ரவி மாமா: குப்பனூர் ரோடு இப்ப நல்லாருக்கா? ஞாயித்துக்கிழமை போலாம்னு

தீபா: மாமா அப்புறம்

முருகேசன் சித்தப்பா: ஆம்ப் புக்குல பிரிட்ஜுக்கு எவ்வளவு போட்டிருக்கு

கார்த்தி: குறைஞ்சது 4

முருகேசன் சித்தப்பா: பிரிட்ஜ் போட்டா ஒவ்வொரு சேனலுக்கும் லோடு பாதியாத்தான் தெரியும். நீ 1 குடுத்தா அதுக்கு அரை ஓம். செத்துரும். ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ரெண்டு காயிலை சீரீஸ் போடு. ஒரு காயில் மைனஸ்ல இருந்து அடுத்த காயில் பிளஸ்ஸுக்கு ஒரு வயர். ஸ்பீக்கர் 8 ஆயிடும். அந்த ரெண்டு 8-ஐயும் பேரலல்ல குடு, 4 வந்துரும். பிளஸ் மைனஸ் மாத்திக் கட்டுனா ஒண்ணை ஒண்ணு தின்னுரும், பேஸே வராது

பெரியப்பா: நம்ம வீட்டுக் கல்யாணத்துல சீரியல் லைட் போட்டதும் இவன்தான்

முருகேசன் சித்தப்பா: அண்ணா அது ஜெனரேட்டர் கோளாறு

பெரியப்பா: மாப்பிள்ளை இருட்டுல சாப்பிட்டார்

ரவி மாமா: அந்த மாப்பிள்ளை நான்தான் மச்சான். பாயசத்து மேல ரசம் ஊத்துனாங்க

கார்த்தி: சித்தப்பா மீட்டர் வச்சேன், ஒரு காயில் 3.4 காட்டுது. ஸ்பீக்கர் போச்சா?

முருகேசன் சித்தப்பா: போகல. மீட்டர் காட்டுறது கம்பியோட ரெசிஸ்டன்ஸ் மட்டும். பாட்டு ஓடும்போது சுருதிக்குச் சுருதி ஓம் மாறும். 4 போட்ட காயில் 3 சொச்சம் காட்டுனா சரிதான். மாத்திக் கட்டுனதும் ஆம்ப்ல இருந்து வயரைக் கழட்டிட்டு மொத்தமா வச்சுப் பாரு, அதே 3.4 பக்கத்துல வரணும். மாத்தாம இப்ப வச்சா 1-க்குக் கீழ காட்டும்

கார்த்தி: சத்தம் குறையுமே

முருகேசன் சித்தப்பா: அம்மனுக்குக் காது கேக்கும்

சுமதி அத்தை: கேழ்வரகு கேட்டேனே

தீபா: மாவு கரைச்சு வச்சாச்சு அத்தை. சின்ன வெங்காயம்தான் இல்ல

பெரியப்பா: என்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு போடாத. போன வருஷம் பேட்டரி இறங்கி நான்தான் தள்ளுனேன்

ரவி மாமா: தள்ளுனது நான்

கார்த்தி: சால்டரிங் யார்கிட்ட இருக்கு

முருகேசன் சித்தப்பா: என்கிட்ட இருந்துச்சு. அண்ணன் வீட்டுக்குப் போச்சு

கார்த்தி: பெரியப்பா?

பெரியப்பா: பார்க்கிறேன்

சுமதி அத்தை: வெங்காயம் யார் வாங்குறது