படகிலிருந்து கரடி பார்த்தவர்களே, உங்கள் மனத்தை விட்டு அகலாத கணம் எது?

நெய்தல்வாசி:
கனடாவின் மேற்குக் கரையிலுள்ள டொஃபினோவில் ஸோடியாக் என்னும் காற்றடைத்த ரப்பர் படகேறியவர்களுக்கு இடம் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடல் நன்றாக உள்வாங்கியிருந்த காலை. குட்டியுடன் வந்த தாய்க் கருங்கரடி, அம்மிக்கல் பருமனுள்ள கற்களை ஒற்றைக் கையால் புரட்டி, அடியில் பதுங்கியிருந்த நண்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. ஓடு நொறுங்கும் சத்தம் படகுவரை கேட்டது. "இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே" என்று கேட்டவன் நான். படகோட்டி தயங்கித் தயங்கித்தான் நகர்த்தினார். கரடி மெல்லுவதை நிறுத்தியது. பாதி தூக்கிய கல்லை அப்படியே விட்டது; அது சேற்றில் தொப்பென்று விழுந்தது. குட்டியை முன்னே விட்டுக் காட்டுக்குள் போனது, திரும்பவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

தேவதாரு:
வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் கரடி நிமிர்ந்தாலே தொந்தரவு என்று கொள்வதை நான் ஏற்கவில்லை. அதே கனடாவில் பிரின்ஸ் ரூபர்ட் நகருக்கு வடகிழக்கே உள்ள கூட்ஸமட்டீன் பள்ளத்தாக்கு 1994-இல் கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடிகளுக்கென்றே காப்பகமாக்கப்பட்டது. கரையில் கால் வைக்காமல் படகிலிருந்தே பார்த்தோம். ஆற்றுமுகத்தில் பசுவைப் போலக் கோரை மேய்ந்துகொண்டிருந்த ஒரு கிரிஸ்லி, கடைவாயில் கோரைத்தாள் தொங்க எங்களை நிமிர்ந்து பார்த்து, மூக்கை உயர்த்தி மோந்துவிட்டு, மறுபடி மேயக் குனிந்தது. நிமிர்வது விசாரிப்பு மட்டுமே. உணவை விட்டு விலகுவதுதான் அச்சம்.

கேமராக்காரன்:
ஜப்பானின் ஷிரெதோகோவில் படகிலிருந்து பார்த்தேன். மூடுபனி விலகிய ஒரு நிமிடம், கரையில் பழுப்புக் கரடி ஒன்று நின்றது, பிறகு பனி மூடிக்கொண்டது. அவ்வளவே. இனிச் செல்வோருக்குச் சில சொல்கிறேன். கருங்கரடிக்காகச் செல்கிறீர்கள் என்றால் ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் இறங்கும் வேளைக்கே பதிவு செய்யுங்கள். முக்காலியை விட்டுவிடுங்கள், எஞ்சினின் அதிர்வு அதன் வழியே கேமராவுக்கு ஏறும். கையிலேயே பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். தூரத்தை நெருக்கிக் காட்டும் 100-400 மி.மீ. லென்ஸ் போதும். கரடியின் ரோமம் கருமை என்பதால் கேமரா தானாகக் கணிக்கும் ஒளியளவை நம்பாமல், முகத்தின் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். கரடி தெரிந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீர்கள், மிதவை அங்கியைக் கழற்றாதீர்கள். அந்தக் கடல் நீர் கோடையிலும் உறைய வைக்கும். படகு கரடியை நேராக நோக்கிச் செல்லாமல், அது பார்க்கும்படி கரைக்கு இணையாக மெதுவாகச் செல்ல வேண்டும். லென்ஸின் குறையைப் படகை நகர்த்தி நிரப்பக் கூடாது.

நெய்தல்வாசி:
கேமராக்காரன் ஐயா, என்னிடமும் 400 இருந்தது; போதுமான படம் முன்பே கிடைத்தும்விட்டது. தேவதாரு, உணவை விட்டு விலகுவதே அச்சம் என்கிறீர்கள். கல்லை அது விட்டது என்றுதானே நான் எழுதினேன்? கடல் ஏறிவிட்டால் அந்தக் கற்கள் மறுபடி கிடைக்க அரை நாள் ஆகும். அதன்பின் வேறு வளைகுடாக்களைச் சுற்றிவிட்டு அவ்வழியே திரும்பினோம். கல் கிடந்த இடத்தில் முழங்காலளவு நீர் நின்றது.