அமைதிப்படை இருந்தும் பொதுமக்கள் கொல்லப்படுவது ஏன்?

கேள்வி:
பொதுமக்களைக் காக்கும் பொறுப்பை ஐ.நா. பாதுகாப்புச் சபை முதன்முறையாக வெளிப்படையாக அளித்தது, 1999இல் சியரா லியோனுக்கு அனுப்பப்பட்ட படைக்குத்தான். அதற்குப் பிறகும் அமைதிப்படை முகாம்களின் அருகிலேயே மக்கள் கொல்லப்படுகிறார்கள் என்றால், இப்படைகளால் உண்மையில் பயன் உண்டா?

மறுமொழி 1:
உண்டு. படைவீரர்கள் கூடுதலாக நிறுத்தப்படும்போது பொதுமக்கள் படுகொலை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2013 டிசம்பரில் தென் சூடானில் போர் மூண்டபோது, ஐ.நா. முகாம்களின் கதவுகள் திறந்துவிடப்பட்டதால் பல்லாயிரம் பேருக்குப் புகலிடம் கிடைத்தது.

மறுமொழி 2:
அதே தென் சூடானில், 2016 பிப்ரவரியில், மலக்கால் முகாமுக்குள்ளேயே ஆயுதம் ஏந்தியவர்கள் புகுந்து மக்களைக் கொன்று குடில்களுக்குத் தீ வைத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. பொதுமக்கள் தாக்கப்பட்ட நிகழ்வுகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டில் மட்டுமே படைகள் உடனடியாகச் செயல்பட்டன என்று ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகமே 2014இல் அறிக்கை அளித்தது. படைத்தளபதி ஆணையிட்டாலும், வீரர்களை அனுப்பிய நாட்டின் அரசு வேண்டாம் என்றால் அவர்கள் அசைவதில்லை; சிக்கலின் ஆணிவேர் இதுவே என்பேன்.

மறுமொழி 3:
அது மட்டுமன்று. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில், இலேசான ஆயுதங்களுடன் இருந்த ஐ.நா. படையின் சில நூறு டச்சு வீரர்கள் கேட்ட வான்படை உதவி போதிய அளவில் வரவில்லை. அருகில் பொட்டோச்சாரியில் இருந்த அவர்களது முகாமில் தஞ்சம் புகுந்திருந்த ஆண்களும் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு ருவாண்டாவிலோ, படுகொலை நடந்துகொண்டிருந்தபோதே படையைச் சுமார் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. அனுப்பியவர்களே பின்வாங்கும்போது, களத்தில் நிற்கும் வீரரை மட்டும் குறைகூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.