மறு: கழிவு எரியுலையில் ‘உலர் சாம்பல்’ என்று எழுதலாமா?

குழுவினர்க்கு வணக்கம்.

கழிவு எரிக்கும் உலையில் வேலை செய்கிறவர்களின் கையேட்டுக்கும் ஏட்டுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா? அதில் எரியுலை (இன்சினரேட்டர்), வெப்ப மீட்பு (புகையின் சூட்டைத் திரும்ப எடுப்பது) இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கையேட்டில் அப்படியே ஏற்றிவிட்டேன். ‘எரியூட்டி’ கேட்ட நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை: நம் பக்கம் எரியூட்டுவது என்றால் மயானத்து வேலை. ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிறவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடும் ஏட்டில் அந்தச் சொல் வேண்டாம்.

சாம்பலில்தான் இன்னும் முடிவாகவில்லை. கோபியிலிருந்து நம் குழுவைச் சேர்ந்த அம்மா ஒருவர் எழுதியிருந்தது:

> மேட்டூர்ப் பக்கம் உலர் சாம்பல், ஈரச் சாம்பல் என்றுதான் சொல்கிறார்கள். செய்தித்தாளிலும் அப்படியே வருகிறது. புகையோடு போகும் ஃப்ளை ஆஷுக்கும் உலையின் அடியில் விழும் பாட்டம் ஆஷுக்கும் அவற்றையே வைத்துக்கொண்டால் என்ன?

வழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நிலக்கரியில் இருந்து வருவது. லாரி லாரியாகச் சாம்பல் கல் (செங்கல்) போடவும் சிமெண்டு ஆலைக்கும் போகிறது. அதனால் உலர் சாம்பல் என்றாலே விலைபோகும் சரக்கு என்று ஊருக்குத் தெரியும்.

குப்பை எரியும் உலையில் புகையோடு போவது வேறு. பழைய பேட்டரியிலும் பெயிண்டிலும் இருக்கும் ஈயம், காட்மியம் எல்லாம் உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது நுண்தூசியின் மேல் படிந்துகொள்கின்றன. அமில வாயுவை அடக்கத் தூவுகிற சுண்ணாம்பும், டையாக்சின் என்ற கொடிய நச்சைப் பிடிக்கத் தூவுகிற கரித்தூளும் அதோடு சேர்ந்து புகையை வடிக்கும் துணிப்பை வடிகட்டியில் சிக்கிக் கீழே கொட்டுகின்றன. தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும் குளோரைடு உப்பும் அதில் நிறைய. இது அபாயக் கழிவு. அடியில் கசிவுத் தடுப்பு போட்ட நிலநிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். ஏட்டில் ‘உலர் சாம்பல்’ என்று இருந்தால் கல் போடுகிறவர் வண்டியோடு வந்து நிற்பார். கேட்டவர் மேலும் குற்றமில்லை, ஏற்றிவிட்டவர் மேலும் குற்றமில்லை. அந்தக் கல்லில் எழும் சுவருக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கும்.

ஆகவே ‘சாம்பல்’ என்ற சொல்லே இதன் பெயரில் வரக்கூடாது என்கிறேன். என் முன்மொழிவு: நச்சுத்தூள்.

‘ஈரச் சாம்பல்’ சிக்கல் வேறு வகை. உலையின் கிராதி (குப்பை எரியும் கம்பித் தளம்) முடியும் இடத்தில் எரிந்த மிச்சம் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. தொட்டித் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒன்று, நெருப்பை அணைப்பது. மற்றது, காற்றை அடைப்பது. உலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே வைத்திருப்பார்கள், புகை வெளியே கசியாமல் இருக்க. தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் அந்த வழியே குளிர்காற்று உள்ளே இழுபடும், உலைச் சூடு இறங்கும், எரிதல் கெடும். இந்த ஏற்பாட்டுக்கு ‘நீரடைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். தொட்டிக்குள் பலகை கோத்த சங்கிலி ஒன்று மெதுவாக நகர்ந்து சாம்பலைச் சாய்தளத்தில் இழுத்து ஏற்றும். ஏறும்போதே தண்ணீர் வடிந்துவிடும். வெல்லம் காய்ச்சும் ஆலையில் அடுப்புச் சாம்பலை வாருவது என்றுதானே கவுந்தப்பாடிப் பக்கம் சொல்கிறோம்? அதனால் இதற்கு ‘வாரிச் சங்கிலி’. மெத்தை ஸ்பிரிங்கோ சைக்கிள் ரிம்மோ வந்து சிக்குவது இங்கேதான்.

தண்ணீர்த் தொட்டி இல்லாமல் உலர்வாகவே சாம்பலை எடுக்கும் அமைப்புகளும் உண்டு. அங்கே ‘ஈரச் சாம்பல்’ என்று எப்படி எழுதுவது? விழும் இடத்தை வைத்து ‘அடிச்சாம்பல்’ என்றால் இரண்டுக்கும் நிற்கும்.

சூடு எல்லை மீறினால் கண்ணாடியும் மண்ணும் உருகிக் கிராதியில் கட்டிபிடிக்கும். பாய்லர்க்காரர்கள் ‘கிளிங்கர் புடிச்சிருச்சு’ என்பார்கள். இதற்குக் ‘கிட்டம்’ இருக்கிறது. இரும்புருக்கும் இடத்தில் கழியும் கசடுக்குக் காலங்காலமாக உள்ள பெயர். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்ததும் இரும்புக் கிட்டம்தான். ‘கிராதியில் கிட்டம் பிடித்தது’ என்றால் ஆபரேட்டருக்கு விளக்கம் தேவைப்படாது.

‘எரியிழப்பு’ பற்றி: 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில், அடிச்சாம்பலை மறுபடி எரித்தால் இழக்கும் எடை உலர் எடையில் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. உலை ஒழுங்காக எரிகிறதா என்று சாம்பலே சொல்லும் கணக்கு அது. சொல்லும் சுருக்கமாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம்.

பெருந்துறையிலிருந்து

*

வணக்கமுங்க ஐயா.

‘உலர் சாம்பல்’ சொன்னது நான்தான். கல் போடுகிற விஷயத்தைப் படித்த பிறகு அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘நச்சுத்தூள்’ எனக்கு ஒப்பவில்லைங்க. பூச்சிமருந்தையும் அப்படிச் சொல்லலாம், சாயப்பட்டறைத் தூளையும் சொல்லலாம். எங்கிருந்து வந்த தூள் என்பது பெயரில் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. நீங்கள் மேலே ஒரு தூள், கீழே ஒரு சாம்பல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். நடுவில் வெப்ப மீட்புக் கொதிகலன் இருக்கிறதே. அங்கே புகை ஆறுகிற வழியில், சுமார் 200 முதல் 450 டிகிரிக்குள், டையாக்சின் மறுபடி உருவாகும். ஆஸ்பத்திரிக் கழிவு எரியுலையில் புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறையில் 1050 டிகிரியில் 2 விநாடி வைத்து அழித்ததெல்லாம் இங்கே திரும்பி வரலாம். குழாய்மேல் ஒட்டிய தூசியிலுள்ள தாமிரம் அதற்கு வினையூக்கி, குளோரின் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டை மீட்க வேண்டுமென்றால் புகையைக் குழாய்களுக்கு நடுவே விட்டுத்தான் ஆற்ற வேண்டும். டையாக்சினுக்குப் பயந்தால் அந்த வரம்பைச் சட்டென்று கடக்க வேண்டும். வடிவமைப்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். குழாயைத் தட்டிச் சுத்தம் செய்யும்போது கீழே விழுவதை ஆள் பேசாமல் அடிச்சாம்பலோடு கொட்டிவிட்டால்? அதற்கும் ஒரு பெயர் கொடுங்கள்.

கோபியிலிருந்து

*

அம்மாவுக்கு வணக்கம்.

இரண்டும் நியாயம். முதலில் ‘வடிதூள்’ என்று யோசித்தேன், காப்பித்தூள் நினைவு வருகிறது, விட்டுவிட்டேன். வடிகட்டியில் விழுவது ‘புகைத்தூள்’, கொதிகலன் குழாயிலிருந்து விழுவது ‘குழாய்த்தூள்’. இரண்டிலும் சாம்பல் என்ற பேச்சே இல்லை; எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. நச்சு என்பதைப் பெயரில் வைக்காமல் மூட்டைமேல் எச்சரிக்கையாக அச்சிடச் சொல்கிறேன்.

கையேட்டில் இந்த வரியைச் சேர்க்கிறேன், திருத்தம் இருந்தால் எழுதுங்கள்: “குழாய்த்தூளையும் புகைத்தூளையும் அடிச்சாம்பலோடு கலக்கக் கூடாது. இரண்டையும் மூடிய கலத்தில் சேர்த்து, எடை போட்டு, தனிப் பக்கத்தில் எழுதவும். கல் போடுபவருக்கோ பள்ளம் நிரப்புபவருக்கோ கொடுக்கக் கூடாது.”

பெருந்துறையிலிருந்து