பாக்ஸ் பைப் கேட்டில் பவுடர் கோட்டிங் கொப்புளம்: கோளாறு ஆசிட்டிலா, தண்ணீரிலா?

சிப்காட்_கோட்டர் (கடலூர்)

வணக்கம். கேட், கிரில், பால்கனி கைப்பிடிக்குப் பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவி அவனில் உருக்கிப் படியவைப்பது) செய்யும் யூனிட். சரக்கு பெரும்பாலும் 2 மி.மீ. பாக்ஸ் பைப், கூடவே மில் ஸ்கேலோடு (ஆலையில் சூட்டில் படியும் கெட்டி ஆக்சைடுத் தோல்) வரும் ஹெச்.ஆர். (சூட்டில் உருட்டிய) பட்டை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் மாட்டிய கேட்டுகளில் நாலைந்து மாதத்திலேயே வெல்டிங் ஓரமாகக் கொப்புளம் கிளம்புகிறது. குத்தினால் உள்ளே செம்பழுப்பு நீர். விருத்தாசலம் பக்கம் போன அதே சரக்கில் ஒரு குறையும் இல்லை.

செய்முறை இது: 60 டிகிரியில் டீகிரீஸிங் (எண்ணெய் நீக்கம்) 10 நிமிடம், ஒரு தண்ணீர் முக்கு, துருவும் ஸ்கேலும் போக ஹெச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) டேங்க், மறுபடி ஒரு தண்ணீர் முக்கு, பவுடர் பிடிக்க அடிப்படலமாக ஜிங்க் பாஸ்பேட், தண்ணீர், அந்தப் படலத்தைக் காக்கப் பாஸிவேஷன். ஆசிட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஸ்கேல் போகாவிட்டால் ஒன்றரை மணி நேரம்கூட ஊறும். தண்ணீர் போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,900. பவுடர் 70 மைக்ரான், அவனில் 200 டிகிரி, 10 நிமிடம்.

ஆசிட் பலத்தைக் கூட்டலாமா? சல்ஃப்யூரிக்குக்கு மாறினால் சரியாகுமா?

மெட்டல்_ஃபினிஷிங் (சேதராப்பட்டு)

கூட்ட வேண்டாம், குறையுங்கள். கடைச் சரக்கு ஆசிட் 30–33 சதவீதம். பாதிக்குப் பாதி கலந்தால் 16–17 சதவீதம் நிற்கும். நம் ஊர் வெப்பத்துக்கு 10–12 சதவீதம் போதும். 500 லிட்டர் டேங்குக்கு முதலில் 330 லிட்டர் தண்ணீர், அதன் மேல் 170 லிட்டர் ஆசிட் (ஆசிட்டின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது). இன்ஹிபிட்டர் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. அது இல்லாவிட்டால் துரு கரைந்ததும் ஆசிட் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். ஹெக்ஸமைன் என்றால் லிட்டருக்கு 2–5 கிராம். ரெடிமேட் சரக்கு என்றால் டின்னில் போட்டிருக்கும் அளவு.

சல்ஃப்யூரிக் உங்களுக்கு ஒத்துவராது. அதை 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அது ஸ்கேலைக் கரைப்பதைவிட, விரிசல் வழியே உள்ளே போய் அடியிலுள்ள இரும்பைத் தாக்கி, அங்கே கிளம்பும் ஹைட்ரஜனால் ஸ்கேலை உரித்துத் தள்ளும். ஹெச்.சி.எல். சாதாரண வெப்பத்திலேயே ஆக்சைடைக் கரைக்கும்.

கலவை சரியாக இருந்தால் துருவுக்கு 5–10 நிமிடம், மில் ஸ்கேலுக்கு 15–30 நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. எண்ணெய் போகாமல் ஆசிட் ஒட்டவில்லை, அல்லது ஆசிட் செத்துவிட்டது. முதலாவதைக் கண்டுபிடிப்பது சுலபம்: டீகிரீஸிங் முடித்துத் தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். திட்டுத்திட்டாகப் பிரிந்து முத்து கட்டினால் எண்ணெய் பாக்கி.

இரண்டாவதுக்கு டைட்ரேஷன் (காஸ்டிக் விட்டு ஆசிட் பலத்தை அளப்பது). 5 மி.லி. டேங்க் ஆசிட், கொஞ்சம் தண்ணீர், மெத்தில் ஆரஞ்சு (நிறங்காட்டி) இரண்டு சொட்டு. 1 நார்மல் பலமுள்ள காஸ்டிக் சோடா கரைசல் விட்டு நிறம் மாறும்வரை எண்ணுங்கள். மி.லி. கணக்கை 7.3-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் ஹெச்.சி.எல். என்று வரும். புதுக் கலவையில் 17 மி.லி. சுமாராக இறங்கும். 8–9-க்கு வந்துவிட்டால் ஆசிட் சேர்க்கலாம், ஆனால் கரைந்த இரும்பு ஏறிக்கொண்டே போகும். லிட்டருக்கு 100–120 கிராம் தாண்டினால் எவ்வளவு ஊற்றினாலும் வேலை மந்தம்தான். டேங்கை மாற்றுவதே லாபம்.

அதிகம் ஊறினால் இன்னொரு தொல்லை. இரும்பு கரைந்து, அதிலிருந்த கார்பன் கரிப்பொடியாக மேலே நிற்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வரும். அதன் மேல் பாஸ்பேட் ஒழுங்காகப் பிடிக்காது. அடித்த பவுடர் பிடித்திருப்பது அந்தக் கரியைத்தான், இரும்பை அல்ல.

பாஸ்பேட்_பாண்டி (புதுச்சேரி)

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா வெல்டிங் ஓரத்துல மட்டும் கொப்புளம்னா நான் முதல்ல பார்க்கிறது பைப்புக்குள்ள. 60 டிகிரி டேங்க்ல இருந்து வர்ற பைப்புக்குள்ள காத்து சூடா இருக்கும். பச்சைத் தண்ணியில முக்கினதும் அது சுருங்கி, வெல்டிங் பின்ஹோல் (ஊசித்துளை) வழியா தண்ணியை உள்ள இழுக்கும். பைப் முழுசா ஆறாம ஆசிட்டுக்குப் போனா அங்கயும் இதே கதை. அப்புறம் எத்தனை தரம் அலசினாலும் அது வெளிய வராது. 200 டிகிரி அவன்ல கொதிச்சு ஓட்டை வழியா துப்பும், அந்த இடத்துல பவுடர் பொரியும். கண்ணுக்குத் தெரியாம தப்பினது கடற்கரை ஈரத்துல நாலு மாசம் கழிச்சுக் கொப்புளமாகும்.

வழி ரெண்டுதான். சுத்தி முழு வெல்டிங் போட்டு அடைச்சிடணும். இல்லேன்னா தாராளமா திறந்து விடணும்: ஒவ்வொரு பைப்லயும் மேல ஒண்ணு, கீழ எதிர்மூலையில ஒண்ணு, 8–10 மி.மீ. துளை. ஜிக்ல (தொங்கவிடுற சட்டம்) சாய்ச்சு மாட்டுங்க. தூக்கும்போது டேங்குக்கு மேலயே அரை நிமிஷம் வடிய விடுங்க. டேக் (அங்கங்க பொட்டு வெல்டிங்) மட்டும் வச்ச பட்டை மேல பட்டை ஜாயின்ட்டை ஆசிட்ல போடவே போடாதீங்க, அந்த இடுக்குல போனது போனதுதான்.

ரின்ஸ் (அலசல்) ஒண்ணு பத்தாது. ஆசிட்டுக்குப் பிறகு ரெண்டு டேங்க், புதுத் தண்ணி ரெண்டாவதுல விழுந்து முதலாவதுக்கு வழியணும். 1,900 டி.டி.எஸ். தண்ணியை வச்சு அலசினா காஞ்சதும் உப்பு மேலயே நிக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. அல்லது டி.எம். (உப்பு நீக்கின) தண்ணி. சரக்குல இருந்து சொட்டுற தண்ணியைப் பிடிச்சு கண்டக்டிவிட்டி மீட்டர்ல (உப்பு எவ்வளவுன்னு காட்டும்) பாருங்க, 50 மைக்ரோசீமென்ஸுக்குள்ள இருந்தா நிம்மதி.

பாஸ்பேட்டுக்கு முன்னாடி டைட்டானியம் ஆக்டிவேஷன் (படிகம் நுண்ணிசா விழ வைக்கிற முக்கு) உங்க வரிசையில காணோம். ஆசிட்ல வந்த இரும்புல அது இல்லாம ஜிங்க் பாஸ்பேட் போட்டா பளபளன்னு பெரிய பெரிய படிகமா வளரும். வேணுங்கிறது நுண்ணிய சாம்பல் நிறம்.

சிப்காட்_கோட்டர்

மிக்க நன்றி சார், நன்றி அண்ணே. பைப்பில் துளை இல்லை, டேக் ஜாயின்ட்டும் நிறைய. இரண்டு துணைக்கேள்வி. இரண்டாவது ரின்ஸுக்கு செகண்ட்ஸில் (பழைய சரக்காக) எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி ஒன்று கிடைக்கிறது, எடுக்கலாமா? பழைய ஆசிட்டைச் சுண்ணாம்பு போட்டு வெளியே விட முடியுமா?

உப்புக்காற்று (கடலூர் முதுநகர்)

எஸ்.எஸ். தொட்டி வேண்டாம். ஆசிட் ஒட்டி வரும் ரின்ஸ் தண்ணீரில் உள்ள குளோரைடு 304-ஐக் குழி குழியாகத் துளைக்கும். பி.பி. (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) அல்லது எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) எடுங்கள்.

சுண்ணாம்பு ஒரு பிடி தூவி முடிகிற வேலை அல்ல. 500 லிட்டர் பழைய ஆசிட்டில் லிட்டருக்கு 50 கிராம் ஆசிட்டும் 110 கிராம் இரும்பும் இருந்தால், தூய நீற்றுச் சுண்ணாம்பாகவே நூறு கிலோ வேண்டும். கடைச் சுண்ணாம்பு அதற்கும் மேல். பி.ஹெச். 8.5–9 வரை ஏற்றிக் காற்றடித்தால் பச்சைக் கசடு பழுப்பாகிப் படியும். அந்தக் கசடு அபாயகரக் கழிவு; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிப்படிதான் வெளியேற வேண்டும். மேலே தெளிந்த நீரிலும் கால்சியம் குளோரைடு இருக்கும், அதையும் வாய்க்கால் வழியே உப்பனாற்றுக்கு விட முடியாது. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் பழைய ஆசிட்டாகவே கொடுக்க முடிந்தால் தலைவலி பாதி குறையும்.

ஆசிட் டேங்கும் பவுடர் பூத்தும் ஒரே கொட்டகையிலா? அப்படியென்றால் பாஸ்பேட் முடிந்து தொங்கும் சரக்கின் மேல் ஆசிட் ஆவி மறுபடி படியும். டேங்க் ஓரத்தில் உறிஞ்சி, ஸ்க்ரப்பர் (ஆவியைக் கழுவும் கருவி), நடுவில் சுவர் வேண்டும். ஐப்பசி மழையில் சாப்பாட்டு நேரத்துக்குக்கூட ஈரச் சரக்கைத் தொங்கவிடாதீர்கள். பாஸிவேஷன் முடிந்ததும் 120 டிகிரியில் உலர்த்தி அதே ஷிஃப்டில் பவுடர் அடித்துவிட வேண்டும்.

கிரிட்_பிளாஸ்ட் (புதுச்சேரி)

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. அலை தெரிகிற தூரத்தில் நிற்கும் கேட்டுக்கு ஆசிட், பாஸ்பேட், ஒரே கோட் 70 மைக்ரான் என்பதே குறைவு, எவ்வளவு நன்றாக அலசினாலும். அந்த ஆர்டரை மட்டும் தனியாகப் பிரியுங்கள்: எஸ்.ஏ 2½ தரத்துக்கு (ஏறக்குறைய வெள்ளை இரும்பு தெரியும்வரை) கிரிட் அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங், 40–60 மைக்ரான் சொரசொரப்பு, ஜிங்க் எபாக்ஸி பவுடர் பிரைமர் 60–70, அதன் மேல் பாலியஸ்டர் 70. பிரைமரை முழுதாக வேகவைத்துவிட்டால் மேல் கோட் உரியும். அதன் டேட்டா ஷீட்டில் சொன்ன அளவு அரைவேக்காட்டில் நிறுத்துங்கள். டேக் ஜாயின்ட்டும் பிளாஸ்டிங்கில் பிரச்சினை இல்லை, ஆனால் இடுக்கைச் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். 1.2 மி.மீ. தகடு என்றால் நெளியும், அதற்கு ஆசிட் வழியே சரி.

கேட்டோடு வரும் 10.9, 12.9 ரக (உயர்பலம் கொண்ட) போல்ட்டுகளை எக்காரணம் கொண்டும் ஆசிட் டேங்கில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, முறுக்கி மாட்டிய பிறகு சொல்லாமல் உடையும்.